வளைவுச் சங்கத்து ஜீப்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசியல் இரண்டு. மலை ஏறினால் ஒன்று, இறங்கினால் வேறு. மேலே கேரளத்துப் பக்கம் ரோட்டு வளைவில் கொடிக்கம்பம் நட்டிருப்பது வளைவுச் சங்கம். சந்தைக்கு எதிரே நட்டிருப்பது சந்தைச் சங்கம். இரண்டுக்கும் பின்னால் இரண்டு கட்சிகள். கட்சிகளின் முழுப்பெயரை நம் பெண்கள் சொல்வதில்லை, வளைவுக் கட்சி, சந்தைக் கட்சி, அவ்வளவுதான். மேலே அந்த இரண்டும் கீரியும் பாம்பும். ஒரே வரிசையில் களை எடுக்கிறவர்கள்கூட வேறு வேறு சங்கமென்றால் ஒருத்தி பாட்டில் தண்ணீரை மற்றவள் வாங்கிக் குடிக்கக் கூடாது. கீழே இறங்கினால் அதே இரண்டு கட்சியும் ஒரே கூட்டணி. கம்பத்தில் ஒரே மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

இருதயம்மாளும் மகள் ஜெசியும் வளைவுச் சங்கம். புருசன் மரியராஜ் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர், கீழே வளைவுக் கட்சியின் கிளைச் செயலாளர். கட்சிக்குச் சுவர் வெள்ளையடித்தே பாதி ஆயுசைக் கழித்த மனுசர். அவருடைய சொந்த வீடு பூசாமல் கிடந்தது, ரோட்டைப் பார்த்த சுவரில் மட்டும் சின்னம் பளிச்சென்று இருக்கும். "சங்கம் இல்லேன்னா மொதலாளி நம்மள மனுசரா மதிப்பானா?" என்று கேட்பார். அதில் பொய்யும் இல்லை. தோட்டத்தில் பெண்களுக்கு மறைவாக ஒரு கக்கூஸ் வந்ததும், மருந்தடித்த இடத்தில் மறுநாளே ஆளை இறக்கக் கூடாது என்று ஆனதும் வளைவுச் சங்கம் வேலையை நிறுத்திப் போராடித்தான். இருதயம்மாளுக்கு அந்த நன்றி நிறைய இருந்தது.

அந்தத் தேர்தலில் இரண்டு மாநிலத்துக்கும் சேர்ந்தாற்போல் ஓட்டு வந்தது. காய்ப்பு இல்லாத மாசம். ஏலச்செடியில் காய்த்து ஓய்ந்த பழைய தட்டைகளை அறுத்துக் கழிப்பதும் தூரில் மண் அணைப்பதும்தான் வேலை, அதுவும் பாதிப் பேருக்குத்தான். அந்தச் சமயம் பார்த்து வளைவுச் சங்கம் மேலே பலம் காட்டும் ஊர்வலம் வைத்தது. சந்தைக் கட்சி வேட்பாளரின் வீட்டு வாசல் வரைக்கும் போய் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிற ஊர்வலம். வராதவளுக்குத் திங்கட்கிழமை பணி இல்லை என்று சங்கத்து செக்ரட்டரி சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு. ஊரே ஓலையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகையில் இருதயம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ரோடு பிரிகிற விலக்கில் போய் ஜீப்புக்கு நின்றாள். ஜீப் ஓட்டுகிறவன் சாலமன், அடுத்த தெரு சாராளின் ஒரே மகன். வழக்கமாக ஏற்றுகிற கூட்டமே ஜீப்புக்குத் தாங்காது. அன்றைக்கு அதற்கு மேலும் ஏற்றினார்கள்.

"அண்ணே, இம்புட்டுப் பேர ஏத்துனா வளைவுல இழுக்காதுண்ணே. இன்னொரு நடை வாரேன்" என்றான் சாலமன்.

"சந்தைச் சங்கத்து ஜீப்பு முந்திப் போயிருச்சு, நீ நடைக்கணக்குப் பேசிட்டு நிக்கிற. ஏத்துலே" என்றார் பொன்னுராஜ். அவர்தான் கீழே வளைவுக் கட்சிக்கு வட்டச் செயலாளர்.

மலைப்பாதையின் கொண்டை வளைவொன்றில் ஜீப் இழுக்காமல் நின்றது. பிறகு பின்னால் உருண்டது. சாலமன் பிரேக்கை மிதித்துக்கொண்டே பெண்களைக் குதிக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறான். முன்னால் இருந்த சிலர் குதித்தார்கள். ஜீப் தடுப்புச் சுவரை உடைத்துச் சரிவில் கவிழ்ந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. சாலமன் அடியில் மாட்டிச் செத்துப் போனான். ஜெசியின் கூட்டாளி கயலுக்குக் கை ஒடிந்தது. ஜெசிக்கு முதுகெலும்பு.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து சங்கத்து ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் இறங்கக் கிடந்த இருதயம்மாள் அவர்களைப் பார்த்து "எம் மகளத் தூக்குங்கய்யா" என்றாள். "மொதல்ல கொடிய அவுரு, போட்டோ புடிச்சுறப் போறாய்ங்க" என்றான் வந்தவர்களில் ஒருத்தன். கொடியை அவிழ்த்தார்கள், பேனரைச் சுருட்டினார்கள், பெண்களின் மடியில் கிடந்த நோட்டீசுகளைப் பொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைத் தூக்கினார்கள். அவள் இதைப் பின்னால் பலரிடம் சொன்னாள். "எலெக்சன் நேரம்ல" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மனுசர்களா இவர்கள் என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் ஜெசி அசையாமல் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. மதுரையில் ஓர் ஆபரேசன் இருக்கிறது, சீக்கிரம் செய்தால் எழுந்து உட்காரவாவது வைக்கலாம், நாள் தள்ளினால் ஒன்றும் சொல்ல முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருதயம்மாளுக்கு மகள் எழுந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பொன்னுராஜ் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்தார். மரியராஜ் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"மதினி, ஜெசி எனக்கு மக மாதிரி. மதுரையில பேசிட்டேன். கட்சி பாத்துக்கிரும், நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். போலீசு வந்து கேக்கையில ஒரு வார்த்த மட்டும் மாத்திச் சொல்லணும்."

"என்ன வார்த்த?"

"ஊர்வலத்துக்குப் போகலன்னு."

"பெறகு எங்க போனோமாம்?"

"நல்ல காரியமாத்தான். ஜெசிக்கு மாப்ள வீடு பாக்கப் போனோம்னு."

இருதயம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"இங்கன சந்தைக் கட்சி ஓட்டு விழுகலன்னா நம்ம ஆளு தோத்துருவாரு மதினி. மேல அவுக வேட்பாளர வையிறதுக்கு இங்கன இருந்தே ஆளேத்திட்டுப் போனோம்னு பேப்பர்ல வந்தா அவுக நமக்குப் போடுவாகளா? நீங்களே சொல்லுங்க."

"சாலமன் ஏத்த வேணாம்னு சொன்னான். நீகதான் ஏத்துனீக. இப்ப அவன் குடிச்சிட்டு ஓட்டுனான்னுல்ல பேசிக்கிறாக."

"செத்தவனுக்கு என்ன மதினி மானம் அவமானம்? உசுரோட கெடக்கிற பிள்ளையப் பாப்பீகளா."

அவர் போன பிறகு மரியராஜ் ஆப்பிளைக் கழுவி நறுக்கினார். நறுக்கின துண்டை யாரும் தொடவில்லை.

"கட்சிய நம்ம காட்டிக் குடுக்கலாமா?" என்றார்.

"கட்சி ஒம்மளக் காட்டிக் குடுத்துருச்சே. அவுக கொடிய அவுத்தப்ப நீரு பாக்கல, நாம் பாத்தேன்."

"இல்லடி. ஆள்க தப்புப் பண்ணுவாக. கட்சி பண்ணாது."

இருதயம்மாள் சிரித்தாள். தலையில் போட்ட தையல் இழுத்ததில் சிரிப்பு பாதியில் நின்றது.

சாராள் தினமும் டவுன் பஸ் மாறி மாறிக் கஞ்சி கொண்டுவருவாள். மகனைப் புதைத்த கையோடு வந்தவள். புருசன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை, திராட்சைக் குலை வெட்டிப் பெட்டி கட்டுகிற வேலை. தூக்குவாளியைத் திறந்து ஜெசிக்கு ஸ்பூனால் ஊட்டுவாள். துவையலைத் தனியாக இலையில் மடித்துக் கொண்டுவந்து இருதயம்மாளிடம் கொடுப்பாள்.

"எம் பிள்ளை வாயில பீடிகூட வச்சதில்ல இருதயம். ஞாயித்துக்கெழம ஆலயத்துல பாட்டுக்குக் கிளாப்பாக்ஸ்ல தாளம் வாசிக்கிறவன். அவனப் போயிக் குடிகாரன்னு எழுதப் போறாகளாம். பக்கத்துல இருந்து பாத்தவ நீ. அவன் குடிக்கல, ஏத்த வேணாம்னு சொன்னான்னு நீ ஒருத்தி சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கல்லறையில அவன் பேர வெட்டுறப்ப எனக்குக் கூசக் கூடாது."

இருதயம்மாள் ஜெசியின் தலையில் கை வைத்தாள். "மாதா சத்தியமாச் சொல்லுவேங்க்கா. நடந்ததத்தான் சொல்லுவேன்."

சாராள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெசியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இருதயம்மாள் ஒரு காரியம் செய்தாள். மேலே வேலை பார்க்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வளைவுச் சங்கத்தின் குட்டை உடைக்க யாருக்கு ஆசை இருக்கும்? சந்தைக் கட்சிக்குத்தானே. மலையில் அப்படித்தானே நடக்கும். ஒரு சங்கம் அடித்தால் மற்ற சங்கத்து ஆபீசுக்கு ஓடுவதுதான் வழக்கம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் தலைக்கட்டோடு பஸ் ஏறிக் கம்பத்தில் சந்தைக் கட்சியின் நகரத் தலைவர் தங்கப்பாண்டியன் வீட்டுக்குப் போனாள். மலையை விட்டு இறங்கியிருக்கிறோம் என்பதை மறந்து போனாள்.

தங்கப்பாண்டியன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், கொடியை அவிழ்த்த இடத்தில் உச்சுக்கொட்டினார்.

"அநியாயம்த்தா. ஒம் மகளுக்கு நான் இருக்கேன். போயிட்டு வா" என்றார்.

அவள் தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொன்னுராஜ் அங்கே பைக்கோடு நின்றார். பக்கத்தில் மரியராஜ், முகம் செத்துப் போயிருந்தது.

"கூட்டணிக்குள்ள குத்து வேல பாக்கிறீகளோ மதினி? தங்கப்பாண்டியன் அண்ணன் எனக்குப் போன் போட்டு, என்னப்பா, ஒங்க வீட்டுப் பொம்பளைகளக் கட்டுக்குள்ள வைக்க மாட்டீகளான்னு கேக்குறாரு. எனக்கு மூஞ்சியில முழிக்க முடியல. இனிமே மதுரை, ஆபரேசன்னு எங்கிட்ட யாரும் வரப்படாது."

மரியராஜ் பொது இடமென்றும் பார்க்காமல் பெண்டாட்டியை ஓங்கி அறைந்தார். அத்தனை வருசக் குடித்தனத்தில் அவர் கை நீட்டினதில்லை. அடித்துவிட்டு அவர்தான் அழுதார். பொன்னுராஜ் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் ஜீப்பில் வந்த பெண்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கயல் முன்னால் நின்றாள். பன்னிரண்டாம் கிளாசில் ஜெசியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள்.

"பெரியம்மா, நீங்க மாத்திச் சொல்லலன்னா நம்ம ஜீப்பு ஆள்க ஒருத்தரையும் தோட்டத்துல ஏத்தக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிட்டாராம்."

"நான் எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஒங்களுக்கு என்னடி?"

"எங்களையும் போலீசு கேட்டுச்சுல்ல? நீங்க ஒண்ணு சொல்லி நாங்க ஒண்ணு சொன்னா பொய்யின்னு ஆகிரும்ல. நாங்க எல்லாம் மாப்ள பாக்கத்தான் போனோம்னு சொல்லிட்டோம் பெரியம்மா."

"சொல்லிட்டீகளா?"

"நேத்தே சொல்லியாச்சு. வேல வேணும்ல" என்றாள் வயதில் மூத்த ஒருத்தி. "ஒம் மக ஒருத்திக்காக நாங்க எல்லாம் பட்டினி கெடக்கணுமா? ஒம் மகளாச்சும் படுத்த எடத்துல சாப்புடுறா."

அந்த வார்த்தையைச் சொன்னவளுக்கே அது அதிகம் என்று தெரிந்துவிட்டது. யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. கயல் ஜெசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் ஜெசி சொன்னாள். "அம்மா, எனக்கு உக்காரணும்மா. என்னமாச்சும் சொல்லு. எப்பிடியாச்சும் என்னைய உக்கார வையி."

இருதயம்மாள் கீழே போய் மரியராஜிடம் பொன்னுராஜுக்குப் போன் போடச் சொன்னாள்.

போலீஸ் வந்த அன்று பொன்னுராஜும் கூடவே வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். வந்த எஸ்.ஐ. போடிக்காரர், நாலு கல்யாணம் முன்னால் நின்று நடத்தியிருப்பார் போல. இருதயம்மாள் சொல்லிக்கொடுத்தபடி சொன்னாள், ஜெசிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம் என்று. எஸ்.ஐ. பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"மாப்ள வீடு பாக்கப் போகையில பொண்ணக் கூட்டிட்டுப் போற வழக்கம் எந்த ஊர்லம்மா இருக்கு? எங்கம்மா கேட்டா வெளக்கமாத்தத் தூக்கிரும்."

பொன்னுராஜுக்கு வேர்த்தது. கட்சியில் இத்தனை மூளைகள் உட்கார்ந்து யோசித்த பொய்யில் இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"வீடு இல்ல சார். மேல மாதா கோயில்ல வச்சுப் பொண்ணும் மாப்ளையும் பாத்துக்கிறதா ஏற்பாடு. அதைத்தான் மதினி அப்பிடிச் சொல்றாக."

"சரி, கோயில். மாப்ள பேரு, ஊரு, அப்பன் பேரு சொல்லுங்க. ஆளனுப்பிக் கேட்டுக்கிறேன். இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்டுல எங் கழுத்துல வந்து விழும்."

பொன்னுராஜ் செல்லை எடுத்து எதையோ தேடினார். யார் பெயரைச் சொன்னாலும் அவன் வீட்டுக்குப் போலீஸ் போகும். அவன் இல்லை என்று சொல்லுவான், பொய் கிழியும், மதுரையும் போய்விடும். இருதயம்மாளுக்கு அது பளிச்சென்று புரிந்தது. இல்லை என்று சொல்ல வாயில்லாத ஒருத்தன் வேண்டும்.

"மாப்ளயும் ஜீப்புலதான் சார் இருந்தாரு" என்றாள். "அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. சாலமன்."

"அம்மா" என்றாள் ஜெசி.

எஸ்.ஐ.க்கு நிம்மதியாகிவிட்டது. எழுதிக்கொண்டே பேசினார். "அப்ப சரி. சொந்த விசேசத்துக்குச் சொந்தக்காரங்கள ஏத்திட்டுப் போயிருக்கான். புது மாப்ள, ராத்திரி கூட்டாளிகளோட கொஞ்சம் ஊத்தியிருப்பான். எல்லாம் பொருந்தி வருது."

"குடிக்கல சார். அவன் குடிக்க மாட்டான்."

"மாப்ளய அவன் இவன்னு சொல்றீகளேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

பொன்னுராஜ் அவளைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை இருந்தது. "கட்சிக்காரன் பொண்டாட்டின்னு காட்டிட்டீக மதினி" என்றார்.

சாராள் அன்றைக்குப் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாள். கஞ்சியைத் திறந்தபடி கேட்டாள். "போலீசு வந்தாகளாமே. என்ன சொன்ன?"

"நடந்ததத்தாங்க்கா சொன்னேன்" என்றாள் இருதயம்மாள். சாராள் ஊட்டினாள். ஜெசி வாயைத் திறக்கவில்லை, பசியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போன ஜீப் கவிழ்ந்தது, புது மாப்பிள்ளை பலி, குடிபோதை காரணமா என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தான். திராட்சைத் தோட்டத்தில் வேலைக்கு நடுவில் யாரோ அதைச் சாராளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதோடு அவள் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றது.

தேர்தல் முடிந்தது. மரியராஜ் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். கீழே கூட்டணி ஜெயித்து வெடி போட்டார்கள். மேலே இரண்டு சங்கத்துக்காரர்களும் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைத்துக்கொண்டார்கள். பெண்கள் பழையபடி ஜீப் ஏறினார்கள், கயலும் கட்டுப் பிரித்த கையோடு போனாள். மதுரைக்கு மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், முடிவு வரட்டும் என்றார்கள், பதவியேற்பு முடியட்டும் என்றார்கள். பிறகு பொன்னுராஜின் போன் எடுக்கவில்லை. மரியராஜ் கட்சி ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். கடைசியில் டாக்டரே கூப்பிட்டு, இனி ஆபரேசனால் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இரும்புக் கட்டிலில் ஜெசியைப் போட்டார்கள். இருதயம்மாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பீத்துணி அலசுவதும் புண்ணுக்கு மருந்து தடவுவதுமாக அவள் பொழுது போனது.

மத்தியான வெயிலில் ஒருநாள் சாராள் வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், தலைவாருகிற சீப்பு ஒன்று, பந்தாகச் சுற்றின மல்லிகை. வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"வாங்கக்கா" என்றாள் இருதயம்மாள்.

"அக்கா என்ன அக்கா? சம்மந்தின்னு கூப்புடு. பேப்பர்லயே போட்டுட்டாகல்ல."

மரியராஜ் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "இருங்க அண்ணே. பொண்ணுக்கு அப்பா இல்லாம எப்பிடி? பூ வைக்க வந்திருக்கேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜெசியின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். சிக்குப் பிடித்துக் கிடந்த முடியை நுனியிலிருந்து இழுக்காமல், வலிக்காமல் வாரினாள். நேரம் பிடித்தது. பின்னி முடித்துப் பூவை மடித்து வைத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் பார்க்கிற அதே பார்வை.

"நல்லாத்தான் இருக்கா. எம் மகனுக்குக் குடுத்து வைக்கல" என்றாள்.

பிறகு வைத்த பூவைத் தன் கையாலேயே எடுத்தாள்.

"தாலி அறுக்க வழியில்ல, அவன் கட்டல. பூவையாச்சும் எடுக்கணும்ல. புருசன் செத்தவ தலையில பூ இருக்கலாமா?" ஜெசியின் நெற்றியில் இருந்த பொட்டையும் கட்டைவிரலால் தேய்த்து அழித்தாள். "நீ எம் மகனக் குடிகாரன் ஆக்குன சம்மந்தி. நான் ஒம் மகள முண்டச்சி ஆக்கிட்டேன். இனி யாரு வந்து கேட்டாலும் ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லுறோம்."

இருதயம்மாள் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு சுவரில் சரிந்தாள். காலில் விழக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாராள் பழத்தை மட்டும் வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தன் தெருவுக்கு நடந்தாள்.

ஜெசி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா, அழுகைய அப்பறம் அழுகலாம். என்னையத் திருப்பிப் போடு. முதுகு எரியுது" என்றாள்.